மாமியார் வீடும் லாட்ஜும்

காலையில் கடற்கரைச் சாலையில் நடந்து முடித்ததும் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நாங்கள் நான்கைந்து பேர் உட்காருவோம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். சர்க்கரை, பிரஷர், டி.ஏ. அரியர்ஸ், இதுதான் பேச்சு. போன வாரம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பாரிசில் இருந்த பழைய பெண்கள் சிறை ஒன்றில் புழங்கிய சொற்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் சார், எழுபது தாண்டியாச்சு. ஜெயில் பொம்பளைங்க பேசற சாக்கடைப் பேச்சை எல்லாம் எதுக்கு நோட்டுப் போட்டு எழுதறீங்க? அரசாங்கமே எவ்வளவு நாகரிகமா மாறிடுச்சு. இப்பல்லாம் கைதின்னுகூடச் சொல்றதில்ல. சிறைவாசி, இல்லவாசின்னு சொல்றாங்க. நீங்க பின்னாடி போறீங்களே!"

அங்கே நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வாய்ப்பேச்சு சரியாக வராது. முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைலில் எழுதியே பழகியவன். அதனால் பதிலையும் எழுத்திலேயே தருகிறேன்.

என் பதில் இதுதான். சிறையைப் பொறுத்தவரை சாக்கடைப் பேச்சு உள்ளே இருக்கிற பெண்களுடையது அல்ல. அது எங்கள் ஆபீசுகளுடையது. உள்ளே இருப்பவள் சொல்லும் சொல் கரடுமுரடாக இருக்கும், ஆனால் நடந்ததைச் சொல்லும். ஆபீஸ் சொல் சலவை செய்து இஸ்திரி போட்டதாக இருக்கும், நடந்ததை மறைக்கும். எது அசிங்கம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் லாரூஸ் அகராதிதான். அதில் சில சொற்களுக்குப் பக்கத்தில் 'ஆர்கோ' என்பதன் சுருக்கம் போட்டிருக்கும். ஆர்கோ என்றால் திருடர், தெருக்காரர், சிறைக்காரர் பேசும் கொச்சை. வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் பிரம்படி. அதனாலேயே பையன்கள் நாங்கள் அகராதியில் அதைத்தான் முதலில் தேடுவோம். பிறகு வேலை கிடைத்தது, ஆபீஸ் மொழி நாக்கில் ஏறியது. நல்ல சொல் எது, கெட்ட சொல் எது என்பதில் அப்போதெல்லாம் எனக்கும் நண்பரின் கருத்துதான்.

பாரிஸ் சிறைக்கு வருகிறேன். அதன் பெயர் சேன் லாசார். ஒரு காலத்தில் தொழுநோயாளிகளுக்கான இல்லம். 1632-இல் வேன்சான் தெ போல் என்ற புனிதரின் சபை அங்கே வந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறையாகி, சீக்கிரமே பெண்கள் சிறையாக மாறி, 1927 வரை அப்படியே இருந்தது. 1850 முதல் கன்னியாஸ்திரிகள் காவல் பார்த்தார்கள். முதல் உலகப்போரில் உளவாளி என்று சுட்டுக் கொல்லப்பட்ட மாத்தா ஹரியையும் 1917-இல் இங்கேதான் வைத்திருந்தார்கள்.

ஆனால் அங்கே அதிகம் அடைபட்டவர்கள் உளவாளிகள் அல்ல, விலைமாதர்கள். அந்தத் தொழிலைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் பிரான்சில் இல்லை. சட்டம் இல்லாதபோது எப்படி அடைப்பது? ஆபீஸ் எதற்கு இருக்கிறது! போலீஸ் தலைமையகத்தில் ஒரு பதிவேடு. அதில் பெயர் ஏறியவளுக்கு 'ஃபீய் சூமீஸ்' என்று பட்டம். 'அடங்கி நடக்கும் பெண்' என்று அர்த்தம். பதிவேட்டில் ஏறாதவள் 'அடங்காதவள்'. பெயர் ஏறிய பிறகு பரிசோதனைக்கு வராமல் நழுவினால் 'காணாமற்போனவள்'. அவள் அதே தெருவில் அதே விளக்குக் கம்பத்தின் கீழே நிற்பாள், பதிவேட்டில் மட்டும் காணாமற்போயிருப்பாள்.

பிடிபட்டால் என்ன? வழக்கு இல்லை, வக்கீல் இல்லை, நீதிபதி இல்லை. அதிகாரியின் கையெழுத்து போதும், சேன் லாசார்தான். இதற்கு ஆபீஸ் வைத்த பெயர் 'நிர்வாகத் தண்டனை'. நான் நிர்வாகத்தில் இருந்தவன் என்பதால் இந்தச் சொல் என்னைச் சுடுகிறது. எங்களூர் ஆபீசில் நிர்வாகக் காரணம் என்று எழுதினால் ஒருவனைக் காரைக்காலுக்கு மாற்றுவார்கள். அங்கே அதே சொல்லால் ஒரு பெண்ணைப் பூட்டி வைத்தார்கள். 1874-இல் இங்கிலாந்திலிருந்து ஜோசஃபின் பட்லர் என்ற அம்மையார் வந்து இந்தச் சிறையைப் பார்த்தார். இந்தப் பதிவேட்டு முறையை ஒழிக்க ஐரோப்பா முழுக்கப் போராடியவர் அவர்.

அதே கட்டடத்தில் இன்னொரு பகுதி. அங்கே இருந்தவர்கள் சின்னப் பெண்கள். 'தந்தைவழித் திருத்தம்' என்று அதற்குப் பெயர். காதுக்கு எவ்வளவு இனிமை! நெப்போலியனின் 1804 சிவில் சட்டம் அப்பனுக்கு ஒரு உரிமை கொடுத்தது. மகளோ மகனோ பதினாறு வயதுக்குள் என்றால், அப்பன் கேட்டாலே ஒரு மாதம் வரை அடைக்கலாம், நீதிபதி மறுக்க முடியாது. பதினாறுக்கு மேல் என்றால் ஆறு மாதம் வரை கேட்கலாம். ஒரு குமாஸ்தாவாக என்னைத் திகைக்க வைத்தது அதிலுள்ள இன்னொரு விதி. கைது உத்தரவைத் தவிர எந்தக் காகிதமும் கூடாது, அந்த உத்தரவிலும் காரணத்தை எழுதக் கூடாது. சாப்பாட்டுச் செலவு அப்பனுடையது. இது 1935 வரை சட்டத்தில் இருந்தது. காரணம் எழுதாத உத்தரவு, சாப்பாட்டுக்கு ரசீது. இதற்குப் பெயர் திருத்தம்.

இப்போது அந்தப் பெண்கள் என்ன பேசினார்கள் என்று பார்ப்போம்.

சேன் லாசாரை அவர்கள் 'சேன் லாகோ' என்றார்கள். ஒரு புனிதரின் பெயரைச் சிறைக்கு வைத்தது அரசாங்கம். அதைத் திருகிப் புனிதரைக் கழற்றிவிட்டவர்கள் இந்தப் பெண்கள். யாருக்குப் புனிதர்மேல் மரியாதை அதிகம் என்று யோசித்துப் பாருங்கள்.

கைதி வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பனியே அ சலாத்', கீரைக் கூடை. கழுவிய இலையைக் கம்பிக் கூடையில் போட்டுத் தண்ணீர் வடியக் குலுக்குவார்கள், எங்கள் பிரெஞ்சுக்காரப் பக்கத்து வீட்டில் நானே பார்த்திருக்கிறேன். கல் பாவிய தெருவில் குதிரை இழுக்கும் வண்டியில், பிடிக்க எதுவும் இல்லாமல் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து போகிறவளுக்குத்தான் அந்தப் பெயர் தோன்றும். இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது, ஐயா?

'பிஸ்தோல்' என்று ஒரு சொல். பழைய நாணயம் ஒன்றின் பெயர். பணம் கட்டினால் நல்ல படுக்கையோடு தனி அறை கிடைக்கும், அந்த அறைக்கே பிஸ்தோல் என்று பெயர் வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல்லை ஆபீசும் ஏற்றுக்கொண்டது. காசு விஷயத்தில் மட்டும் ஆபீசுக்கும் உள்ளதைச் சொல்ல வரும்.

கதை சேன் லாசாரோடு முடியவில்லை. 1885-இல் ஒரு சட்டம் போட்டார்கள். திரும்பத் திரும்பச் சின்னத் திருட்டு செய்கிறவர்களை, தண்டனை முடிந்த பிறகும், ஆயுளுக்கும் கடல் கடந்து அனுப்பிவிடலாம். அதன் பெயர் 'ரெலெகாஸியோன்', அதாவது ஒதுக்கி வைத்தல். பெண்களையும் தென் அமெரிக்காவில் கயானாவின் காட்டுக்கு அனுப்பினார்கள். 1907-இல்தான் பெண்களை அனுப்புவது நின்றது. கயானாவுக்கு அனுப்புவதற்கு அந்த நாட்டு ஜனங்கள் புரட்சிக் காலத்திலிருந்தே வைத்திருந்த பெயர் 'உலர்ந்த கில்லட்டின்'. ரத்தம் வராது, தலை போகும். ஒதுக்கி வைத்தல், உலர்ந்த கில்லட்டின், இந்த இரண்டில் எது அகராதியில் சேர்க்கத் தகுந்தது?

அடங்காத பெண் பிள்ளைகளுக்கு 'பாதுகாப்புப் பள்ளி' என்று ஒன்று வைத்தார்கள். வட பிரான்சில் தூலான் என்ற ஊரில் பழைய கோட்டை ஒன்று, அதில் அப்படி ஒரு பள்ளி இருந்தது. பிறகு அதே கோட்டை 'சிறைப்பள்ளி' ஆனது. சுவர் அதேதான். 1957-இல் அல்பெர்த்தீன் சராசேன் என்ற பத்தொன்பது வயதுப் பெண் அந்தச் சுவரிலிருந்து குதித்தாள். கணுக்கால் எலும்பு உடைந்தது. தவழ்ந்தே சாலைக்குப் போனாள். அல்ஜியர்சில் பிறந்து, குழந்தையிலேயே கைவிடப்பட்ட பெண் அவள். பின்னால் சிறையிலிருந்தபடியே எழுதி, 1965-இல் இரண்டு நாவல்கள் வெளிவந்தன. ஒன்றின் பெயர் அந்த உடைந்த எலும்பின் பெயர். மற்றொன்று 'லா கவால்', கொச்சையில் தப்பியோட்டம் என்று அர்த்தம். எங்களுக்குப் பிரம்படி வாங்கித் தந்த சொற்களை வைத்து அவள் இலக்கியம் செய்தாள். இருபத்தொன்பது வயதில் அறுவை சிகிச்சையில் இறந்துபோனாள். பள்ளி என்று பெயர் வைத்தால் பள்ளி ஆகிவிடுமானால், எந்தப் பெண் அந்த உயரத்திலிருந்து குதிப்பாள்?

'அதெல்லாம் அந்தக் காலம்' என்று நண்பர் சொல்லக்கூடும். சரி, இந்தக் காலம். தண்டனை அறைக்கு ஆபீஸ் பெயர் 'ஒழுங்குப் பகுதி', உள்ளே இருப்பவர் சொல்வது 'மித்தார்'. ஜன்னலுக்கு ஜன்னல் கயிற்றில் கட்டிச் சர்க்கரையோ சிகரெட்டோ அனுப்புவது 'யோயோ'. 2009-இல் பிரான்சில் புதிய சிறைச் சட்டம் வந்தது. கைதி என்பது போய், 'தடுத்து வைக்கப்பட்ட நபர்' என்று மரியாதையாக எழுதத் தொடங்கினார்கள். பத்து வருஷம் கழித்து, 2020 ஜனவரியில், சிறை நெரிசலுக்காக அதே நாட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கண்டித்தது. நபர் என்று எழுதிவிட்டார்கள். அந்த நபர் கால் நீட்டிப் படுக்க இடம் கொடுக்கவில்லை.

இனி நம் ஊர். ஜெயிலுக்குத் தமிழில் எல்லோருக்கும் தெரிந்த கொச்சை, மாமியார் வீடு. இது ஆம்பிளை சொன்ன சொல். மாப்பிள்ளைக்கு மாமியார் வீடு என்றால் தலைவாழை இலை, இரண்டு நாள் உபசாரம், வேலை கிடையாது. அதனால்தான் அந்தக் கிண்டல். இதையே ஒரு பெண் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு வராது. நேரத்துக்கு எழுந்திரு, சொன்ன வேலையைச் செய், கேட்காமல் வெளியே போகாதே, பிறந்த வீட்டு ஆள் வந்தால் கூடத்தில் நாலு பேர் முன்னால் பேசிவிட்டு அனுப்பு. அவள் வாயில் அது கிண்டல் இல்லை, வர்ணனை.

ஆபீஸ் சொல்லையும் பார்ப்போம். பீகார் சிறைகளில் பல பெண்கள் எந்தக் குற்றமும் செய்யாமல் அடைபட்டிருந்தார்கள். குற்றத்துக்கு ஆளானவர்கள், சாட்சி சொல்ல வேண்டியவர்கள். அவர்கள் பெயருக்கு எதிரே எழுதியிருந்தது 'பாதுகாப்புக் காவல்'. 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், சிறைவாசத்தை மறைக்கப் போட்ட அழகான பெயர்தான் இது என்று உச்ச நீதிமன்றமே சொல்லி, அவர்களை விடுவிக்கச் சொன்னது. இன்னொரு சொல், 'குற்றமற்ற மனநோயாளி'. மேற்கு வங்கச் சிறைகளில் இப்படி ஒரு வகையே இருந்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. குற்றமற்றவர் என்று தன் கையாலேயே எழுதிவிட்டுப் பூட்டியிருக்கிறது ஆபீஸ்! எந்தச் சிறைக் கொச்சையிலும் இவ்வளவு துணிச்சலான சொல்லை நான் பார்த்ததில்லை.

நியாயமாகப் பேச வேண்டும். சொல்லை மாற்றுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. 2006-இல் உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது. சிறையிலிருக்கும் தாய்க்குப் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் சிறை என்று எழுதக் கூடாது, அந்த வட்டாரத்தின் முகவரியை மட்டும் எழுத வேண்டும். இதை நான் எழுந்து நின்று வணங்குவேன். 2024 அக்டோபரில், சிறைப் பதிவேட்டில் சாதிக்கான கட்டத்தை எடுக்கச் சொன்னது, சாதி பார்த்துக் கழுவவும் கூட்டவும் விடும் விதிகளை ரத்து செய்தது. அதுவும் நல்ல காரியம். இந்த மாற்றங்களால் ஒரு குழந்தைக்கு, ஒரு மனுஷிக்குப் பலன் உண்டு. இல்லவாசி என்று மாற்றியதால் யாருக்குப் பலன்? எழுதுகிறவனுக்கு. அவனுக்கு ராத்திரி தூக்கம் வரும்.

இதை எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். எழுதினவன் நான், அதனால்.

எண்பதுகளில் நடந்தது. எந்த ஆபீஸ் என்று வேண்டாம். மேலிடத்துக்கு ஒரு பெண் சிறையிலிருந்து அனுப்பிய மனு, நாலு மேஜை சுற்றி என் மேஜைக்கு வந்தது. ரூல் போட்ட தாள். எழுதத் தெரிந்த யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், கீழே கைநாட்டு. வேலை செய்த வீட்டில் ஒரு பித்தளை அண்டாவைத் திருடினாள் என்று வழக்கு. 'நான் உள்ள வந்து ரெண்டு ஆடிப்பெருக்கு போயிடிச்சி. இன்னும் யாரும் கூப்பிடல. அண்டாவுக்கு எத்தனை நாள்னு சொன்னா இருந்துட்டுப் போறேன்' என்று இருந்தது. இதில் ஓர் எழுத்துகூட இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? குறிப்பு எழுதினேன். நல்ல ஆபீஸ் இங்கிலீஷில் எழுதினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'மனுதாரர் தம்முடைய வழக்கு நிலுவையில் உள்ளதாகத் தெரிவிக்கிறார். விஷயம் நீதிமன்றத்தின் பரிசீலனையில் உள்ளது.' கடைசியில் வழக்கமான வரி, 'மே பி லாட்ஜ்டு'. ஃபைலை மூடிக் கட்டி வைக்கலாம் என்று பொருள். மேலே இரண்டு கையெழுத்து விழுந்தது. என் எழுத்துநடை சுருக்கமாக இருக்கிறது என்று அதிகாரி பாராட்டவும் செய்தார்.

இரண்டு ஆடிப்பெருக்கு எங்கே போயிற்று? நிலுவை என்ற ஒரு சொல்லுக்குள் போயிற்று. நிலுவை என்பது கடைக்காரன் சொல், வீட்டு வரிச் சொல். அதைப் படிக்கிற அதிகாரி கண்ணில் ஒரு காகிதம் தெரியும், மனுஷி தெரியமாட்டாள். 'அண்டாவுக்கு எத்தனை நாள்' என்ற கேள்வியை நான் அப்படியே எழுதியிருந்தால், யாராவது ஒருவர் பேனாவைக் கீழே வைத்து யோசித்திருக்கலாம். எழுதாமல் விட்டது நான்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஜெயிலில் அடைப்பதையும் நம் ஊர் இங்கிலீஷ் பத்திரிகைகள் 'லாட்ஜ்டு' என்றுதான் எழுதும். அந்தப் பெண்ணும் லாட்ஜ்டு, அவள் மனுவும் லாட்ஜ்டு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரூம் போட்டவள் மாதிரி. அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று நான் ஒரு போன்கூடப் போட்டு விசாரிக்கவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எல்லோரோடும் சிரித்துப் பேசிச் சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே நண்பரே, நாகரிகமான பெயர்களைப் பற்றி என்னிடம் பெருமை பேசாதீர்கள். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 479-ஆம் பிரிவு இருக்கிறது. முதல் தடவை மாட்டிய விசாரணைக் கைதி, அந்தக் குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. நாள் கணக்கு வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். அதாவது, அவருக்குக் கீழே ஒரு குமாஸ்தா உட்கார்ந்து நாட்களை எண்ண வேண்டும்.

இன்று அந்த நாற்காலியில் இருக்கும் தம்பி, தங்கைக்கு ஒரே வேண்டுகோள். கைதி என்று எழுதுங்கள், சிறைவாசி என்று எழுதுங்கள், எனக்குக் கவலையில்லை. நிலுவை என்று மட்டும் எழுதாதீர்கள். உள்ளே வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணி, அந்த எண்ணை எழுதுங்கள். எழுநூற்றுப் பத்து என்றால் எழுநூற்றுப் பத்து. அடுத்த நாள் எழுநூற்றுப் பதினொன்று.

நாளைக் காலை கடற்கரையில் நண்பரைப் பார்ப்பேன். இதைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, டி.ஏ. அரியர்ஸ் பேசலாம் என்றிருக்கிறேன். அதுவும் நிலுவைதான். அதற்கு மட்டும் எத்தனை மாதம், எத்தனை நாள் என்று எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும்.